மலைக்கு வைத்த ரசமட்டம்

சாய்வளவு என்ற ஊரில் மலை ஒன்று ஆறு நாள் மட்டமாகப் படுத்திருந்துவிட்டு, பிறகு எழுந்து பழையபடி சாய்ந்துகொண்டது. இதைக் கேட்டு நீங்கள் வாயைப் பிளந்தால் அந்த ஊர்க்காரர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது அதிசயம் இல்லை, தொல்லை. மலை படுத்த கதையைவிட, அந்த ஆறு நாளும் தாங்கள் கட்டிலோடு பட்ட பாட்டைத்தான் இன்றைக்கும் விரிவாகச் சொல்வார்கள். ஆனால் இதெல்லாம் அவர்களிடமிருந்து தொடங்கவில்லை. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய ராக்கியண்ணனிடமிருந்தும், அவர் மனைவி பாவாயியின் காதிலிருந்தும் தொடங்குகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், பால் பொங்குவதைப் பார்த்தபடி பாவாயி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது வீடு இடது பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த வீடு அப்புறம் நிமிரவே இல்லை. எழுந்து நின்றால் சுவர் வேண்டும், நடந்தால் கதவு நிலையோ கட்டில் காலோ புருஷன் தோளோ ஏதாவது ஒன்று கைக்கு அகப்பட வேண்டும், படுத்தால் கட்டில் அவளைக் கவிழ்த்துக் கொட்டப் பார்க்கும். அதனால் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள், அதைத் தூக்கம் என்று சொல்லலாம் என்றால். "காதுக்குள்ள ரசமட்டம் மாதிரி ஒண்ணு இருக்குங்க, அது நெலைகொள்ளாம தளும்புது, பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். பொறுமையாக இருக்கச் சொன்னதை ராக்கியண்ணன் அங்கேயே விட்டுவிட்டு, ரசமட்டம் என்ற ஒரு சொல்லை மட்டும் வேட்டி முனையில் முடிந்துகொண்டு வீடு வந்தார். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கிற அதே சாமான், உள்ளே ஒரு குமிழ், குமிழ் நடுவில் நின்றால் மட்டம். இதைவிடச் சுலபமான நோய் உலகத்தில் உண்டா? வெளியே இருக்கிற மட்டத்தைச் சரியாக வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற மட்டம் தானாக வழிக்கு வந்துவிடும் என்று அவர் முடிவு செய்தார்.

அப்படித்தான் அந்த வண்டிவீடு பிறந்தது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லர், பழைய பஸ்ஸின் ஜன்னல்கள், தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம். "லாரி போறப்பல்லாம் இந்த வீடு ஆடுதுங்க மாமா, நாலு ஊரையாச்சும் பாத்துட்டுச் சாவறேன்" என்று பாவாயி ஒரு நாள் அலுத்துப்போய்ச் சொன்னதற்கு அவர் கொடுத்த பதில் அதுதான். வேலை முடிந்த அன்றைக்குப் பட்டறைத் தரையில் நிறுத்தி, நாலு மூலையும் தரையிலிருந்து ஒரே உயரம்தானா என்று டேப் பிடித்துப் பார்த்து, கதவடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்ட ரசமட்டம் ஒன்றைப் பதித்தார். குமிழ் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது. சந்தையில் வாங்கிய சாமான் வேறு எப்படி இருக்கும் என்று திட்டிக்கொண்டே அதன் ஒரு விளிம்புக்கு அடியில் இரண்டு வாசர் வளையம் கொடுத்துத் தூக்கி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, திருகாணியை முறுக்கினார். மறுநாள் இருவரும் கிளம்பினார்கள்.

ஒரு வருஷம் சுற்றினார்கள், அணைக்கட்டு ஓரம் தங்கினார்கள், சவுக்குத் தோப்பில் தங்கினார்கள், ஆற்று மணலில் தங்கினார்கள், எங்கே போனாலும் ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் மட்டம் பார்த்தாக வேண்டும். முதலில் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் பலகைகளை அடுக்கி வண்டியை அதன்மேல் ஏற்றுவார், அப்புறம் சக்கரங்கள் உருளாதபடி முன்னும் பின்னும் கட்டை கொடுப்பார், அப்புறம்தான் ஜீப்பைக் கழற்றிவிட்டு மூக்குப் பக்கத்து ஜாக்கியைச் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடிவந்து குந்தி உட்கார்ந்து குமிழைப் பார்ப்பார். எந்த ஊரிலும் வேலை இல்லாத நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, இல்ல இல்ல எறக்குங்க என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டு மணி நேரம் ஆகும். குமிழ் நடுவில் நின்றதும் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "இப்ப எப்படி இருக்குது அம்மிணி?" என்று கேட்பார். "நல்லாருக்குதுங்க" என்பாள் பாவாயி, கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி. கை மட்டும் ஏன் இன்னும் கம்பியில் இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. மட்டம் போதவில்லை போலிருக்கிறது, அடுத்த ஊரில் மயிரிழைகூட விடக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனுஷன், கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை முனக வைத்து ஏறி, சாய்வளவுக்கு வந்து சேர்ந்தார் என்றால் விதி எவ்வளவு குசும்பு பிடித்தது என்று பாருங்கள். அந்த ஊரில் சாய்வு என்பது நிலத்தின் குணம் மட்டும் இல்லை, வாழ்க்கை. வீடுகளுக்கு ஒரு சுவர் குட்டை, எதிர்ச்சுவர் நெட்டை. கட்டிலுக்குக் கால்மாட்டில் நீளக் கால், தலைமாட்டில் குட்டைக் கால். குடத்தை இறக்கி வைத்தால் கூடவே ஒரு கல்லை அண்டைகொடுக்க வேண்டும். ஊர் முழுக்கப் பலா மரம். விழுந்த பழம் உருண்டு எந்த வாசலில் போய் நிற்கிறதோ அந்த வீட்டுக்குச் சொந்தம், மரத்துக்காரன் வாயைத் திறக்கக் கூடாது. அதனாலேயே கீழ்வீடுகளில் பெண் கொடுக்கப் போட்டி, மேல்வீட்டு மாப்பிள்ளைகளுக்கு நாற்பது வயது வரை கல்யாணம் ஆகாது. ஊருக்கு நடுவே ஓர் ஓடை மேலிருந்து இறங்கிக் கீழே படிப்படியாக இருந்த நெல்வயல்களுக்குப் பாய்ந்தது.

வெளியூர் ஆட்கள் கூடாரம் போடுவதற்கென்று ஊர்க்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்த பலாத்தோப்பை வெள்ளச்சி என்ற பெண் பார்த்துக்கொண்டாள். வண்டிவீட்டையும், ராக்கியண்ணன் இறக்கி வைத்த பதினாலு பலகைகளையும், அவர் குந்திக் குந்தி எழுவதையும் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கூருல மட்டமா இருக்கறது கொடத்துக்குள்ள இருக்கற தண்ணி மட்டுந்தான்ண்ணா. வீணா முதுக ஒடிச்சுக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. காலையில் தொடங்கியவர் பதினாலு பலகையையும் அடுக்கினார், அவள் வீட்டு உரலைக் கேட்டு வாங்கி வைத்தார், கோயில் வேலைக்கு வந்திருந்த கருங்கல்லைக் கும்பிட்டுவிட்டு எடுத்துவந்து வைத்தார், சக்கரம் ஆள் உயரத்துக்கு ஏறியும் குமிழ் ஓரத்தை விட்டு நகரவில்லை. ஜன்னல் வழியே பாவாயி, "போதுமுங்க மாமா, நான் உக்காந்தே தூங்கிக்கறேன்" என்றாள். அந்தச் சொல்தான் அவரை உடைத்தது. ஜீப்பை முடுக்கி வண்டியைக் கீழே இறக்கினார், பலகைகளை ஒவ்வொன்றாக விசிறி எறிந்தார், சக்கரத்துக்கு மட்டும் கட்டையை வைத்துவிட்டு, கோணிக்கொண்டு நின்ற வண்டியின் பக்கத்தில் மண்ணில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி மலையிடமே பேசினார்.

"ஒரு வருசமா நான் ஏத்தி ஏத்திப் பாத்துட்டேன் சாமி. என்னால ஆகல. நீ கொஞ்சம் எறங்கு."

குமிழ் நகர்ந்தது. கன்றுக்குட்டி தாயிடம் போவதுபோல நேராக நடுவுக்குப் போய் நின்றது. சக்கரத்துக் கட்டைகள் பிடி தளர்ந்து சாய்ந்தன, வெள்ளச்சியின் தலைக்குமேல் இருந்த மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றன, கல் அண்டைகொடுத்து வைத்திருந்த அவள் குடம் மறுபக்கமாகக் கவிழ்ந்து தண்ணீர் அத்தனையும் போயிற்று. அவள் குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்து, அது கல் இல்லாமலே நிற்பதைப் பார்த்துவிட்டு, "எறங்கிருச்சுண்ணா" என்றாள். பிறகு வேறு குடம் தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது, ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வது. முதல் ராத்திரி எல்லோரும் கட்டிலிலிருந்து தலைப்பக்கமாக வழுக்கி விழுந்தார்கள். மறுநாள் நீளக் கால்களை அறுத்துவிடலாம் என்று ரம்பத்தோடு கிளம்பியவர்களை, மலை நாளைக்கே எழுந்துகொண்டால் என்ன செய்வீர்கள் என்று பெண்டாட்டிமார் கேட்டார்கள், ஆகவே கால்களுக்குக் குழி வெட்டிக்கொண்டார்கள். எவ்வளவு நடந்தாலும் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, நடந்த மாதிரியே இல்லை என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆடுகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே அசை போட்டன. மேல்வீட்டுக்காரர்கள் அதுவரை கீழ்வீடுகளின் கூரையைத்தான் பார்த்திருந்தார்கள்; இப்போது எதிரும் புதிருமாக முகங்களைப் பார்த்து, அட உனக்கு எப்போது மீசை நரைத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கீழேயிருந்து சர்வேயர் ஒருவர் பஸ்ஸில் வந்தார், சங்கிலி போட்டு அளந்தார், ரெக்கார்டில் சாய்வு என்று இருப்பதால் சாய்வுதான், நிலம்தான் தப்பாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனார்.

பலாப்பழம்தான் பெரிய வழக்காகிவிட்டது. விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. யார் வாசலுக்கும் உருண்டு போகாததால் அது யாருக்கும் சொந்தம் இல்லை, மரத்துக்காரனும் தொட முடியாது. பழம் வெடித்து மணம் ஊரைத் தூக்க, எல்லோரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு பழத்தைச் சுற்றி நடந்தார்கள். மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். காலால் தள்ளி விட்டால் உருண்ட கணக்கில் சேருமா என்று ஒருவன் கேட்டான், சேராது, தானாக உருள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மேல்வீட்டு ஆட்கள் முதல்முறையாகக் கைதட்டினார்கள்.

இதற்கெல்லாம் யாரும் அழவில்லை. ஓடை நின்றுபோனதற்குத்தான் அழுதார்கள். தண்ணீர் குட்டையாகக் கட்டிக்கொண்டு தவளை கத்தியது, கீழ் வயல்களில் நாற்று நுனி மஞ்சள் பூத்தது. வண்டிவீட்டுக்காகத்தான் மலை படுத்தது என்று வெள்ளச்சி சொல்லியிருந்ததால், அது கிளம்பினால் மலை எழுந்துகொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வந்த விருந்தாளியை எப்போது போவீர்கள் என்று கேட்கிற பழக்கம் அந்த ஊருக்கு இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், மூன்று போய் ஐந்தும் ஆகிவிட்டது. ஆகவே அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மரியாதையான வழியில் சொன்னார்கள். ஆறாம் நாள் விடிந்தபோது வண்டிவீட்டுப் படியில் வாழையிலையில் கட்டிய கட்டுச்சோறு பதினேழு பொட்டலம் இருந்தது, வழிப்பயணத்துக்கு.

ராக்கியண்ணன் அந்தப் பொட்டலங்களைப் பார்க்கும் நிலையில் இல்லை. மலை இறங்கிய நாளிலிருந்து பாவாயி கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள், அதைக் கண்ட நிம்மதியில் அவரும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். அன்று விடியலில் தற்செயலாக விழித்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாள், இரண்டு கையும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"அம்மிணி... நீ தூங்கலயா?"

அவள் பொய் சொல்ல வாயெடுத்து, முடியாமல் விட்டுவிட்டாள். "இல்லீங்க மாமா. ஒரு நாளும் தூங்கல. அப்படியேதான் சாயுது. உங்களுக்காக ஒரு மலையே எறங்கி வந்திருக்குது, அதுக்கப்புறமும் சாயுதுன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்லுவேன்?"

"ஒரு வருசமா நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொன்னது?"

"நீங்க வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கறப்ப வேற என்னங்க சொல்றது?"

ராக்கியண்ணன் வெளியே வந்து கட்டுச்சோற்றுப் பொட்டலங்களுக்கு நடுவே படியில் உட்கார்ந்தார். பலகை போதவில்லை என்றால் பலகை தேடலாம், மலையே போதவில்லை என்றால் எங்கே போய் என்ன தேடுவது? இனி இவள் ஆயுசுக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கிடப்பாள் என்று நினைத்தவர் சத்தம் வராமல் அழுதார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளச்சி வந்தாள். அழுகிற ஆளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், வந்த விஷயத்தையே சொன்னாள்: "அண்ணா, ஓடை நின்னுபோச்சுன்னு ஊரே சொல்லுது. நிக்கலண்ணா. மேல்பக்கமா ஊர்ந்து போகுது. குச்சி நட்டு வெச்சுப் பாத்தேன், ஒரு நாளைக்கு ரெண்டு முழம் ஏறுது."

அவர் தலையை நிமிர்த்தினார். அழுகிறவர் போய்ப் பட்டறைக்காரர் வந்துவிட்டார். மட்டமான இடத்தில் தண்ணீர் எப்படி நகரும்? எழுந்து ஓடைக்கு ஓடி, ஒரு பலா இலையைக் கிள்ளித் தண்ணீரில் விட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். இலை யோசித்தது, அசைந்தது, பிறகு மெல்ல மெல்ல மேல்வீடுகளைப் பார்த்துப் போனது. அப்படியென்றால் மலை மட்டமாக இல்லை. மலை குமிழ் சொன்னபடி கேட்டிருக்கிறது, குமிழ் பொய் சொல்லியிருக்கிறது. ஏன் பொய் சொன்னது என்று நினைத்த மறுகணம் அவருக்குப் பட்டறைத் தரை கண்முன் வந்தது. பெயின்ட் அடித்துக் கழுவிய தண்ணீர் சாக்கடைக்கு ஓடவேண்டும் என்று அந்தத் தரையையே வாட்டமாகப் போட்டிருந்தார்கள். முப்பது வருஷம் சாயங்காலம் சாயங்காலம் அவரே விளக்குமாற்றால் அந்தத் தண்ணீரைத் தள்ளியிருக்கிறார், பாதி தூரம் தள்ளினால் போதும், மீதியை அதுவே ஓடிக்கொள்ளும். பஸ்ஸின் அளவெல்லாம் அதன் அடிச்சட்டமான சேஸிலிருந்துதான் எடுப்பார்கள், தரையை யாரும் அளப்பதில்லை. நானூறு பஸ் நேராகப் புறப்பட்டுப் போன தரை கோணலாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நல்ல ரசமட்டம் ஒன்று அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கிறது, அதன் வாயைத்தான் இரண்டு வாசர் வைத்து அடைத்திருக்கிறார்.

திரும்பி ஓடிவந்தவர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் பாவாயியிடம் சொன்னார். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மணி நேரம் பாடுபட்டு, அவள் கட்டிலை இரண்டு விரல் கடைக்குச் சரியாகச் சாய்த்து வைத்திருக்கிறேன் என்றார், ஒரு மலையையும் சேர்த்துச் சாய்த்துவிட்டேன் என்றார். பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு உங்கக்கா என்னயச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்களே மாமா! கூடம் நெசமாவே கோணல்தானுங்க!" அவள் சிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, அவருக்குத் திட்டு வாங்கியது போலவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் முதலில் சக்கரங்களுக்குக் கட்டையை இறுக்கி வைத்தார், தொழில்காரர் அல்லவா. பாவாயியைக் கைப்பிடித்து இறக்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஊராருக்குக் குரல் கொடுத்துவிட்டு, ரசமட்டத்தின் திருகாணிகளைக் கழற்றி அதைக் கையில் எடுத்தார். மலை அவசரப்படாமல் எழுந்தது, படுத்த மாடு எழுவதுபோலப் பின்பக்கத்தை முதலில் தூக்கியது. ஓடை ஒருமுறை தளும்பி, திரும்பி, சலசலவென்று வயல்களைப் பார்த்து இறங்கியது. ஆறு நாளாகக் கிடந்த பழங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் உருண்டன, கீழ்வீட்டுக்காரர்கள் கத்திக்கொண்டு தத்தம் வாசலுக்கு ஓடினார்கள், சட்டி பானைகள் விழுந்தன, குழியில் இருந்த கட்டில்கள் சாய்ந்தன, ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்றங்காலில் தண்ணீர் நின்றது.

வண்டிவீடு பழையபடி கோணிக்கொண்டு நின்றது. ராக்கியண்ணன் எறிந்த பலகைகளைப் பொறுக்கி அடுக்கினார், அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார், வெளியே வந்து ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தார். பார்ப்பதற்குக் குமிழ் இல்லை. பிறகு ஜன்னலைப் பார்த்து, ஒரு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"எந்தப் பக்கம் சாயுது அம்மிணி? எனக்காகச் சொல்லாத. உள்ளதச் சொல்லு."

"இடது பக்கமுங்க" என்றாள். "நெறயவே சாயுது."

அவர் ஏற்றினார். இன்னும் என்றாள், ஏற்றினார். போதும் என்றவள், இல்லீங்க, கால்பக்கம் கொஞ்சம் எறக்குங்க என்றாள், இறக்கினார். ஒரு பலகையை எடுக்கச் சொன்னாள், எடுத்த பிறகு திரும்ப வைக்கச் சொன்னாள், அவர் முகம் சுளிக்காமல் வைத்தார். வயலிலிருந்து திரும்பிய ஊர்க்காரர்கள் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். வண்டிவீடு யார் கண்ணுக்கும் பச்சைக் கோணலாகத் தெரிந்தது, ஒருவன் சொல்ல வாயெடுத்தான், வெள்ளச்சி முறைத்ததும் மூடிக்கொண்டான். "இன்னும் ஒரு சுத்து" என்றது பாவாயியின் குரல். "அரைச் சுத்து." பிறகு, "அப்படியே வைங்க மாமா."

"இப்ப?" என்று கேட்டார். "அம்மிணி?" என்றார். பதிலுக்கு உள்ளேயிருந்து குறட்டை வந்தது, நல்ல முரட்டுக் குறட்டை. பட்டறைக்காரரின் பெண்டாட்டிக்கு ஏற்ற குறட்டை என்று வெள்ளச்சி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். ஊர்க்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். ராக்கியண்ணன் படியருகே துண்டை விரித்துப் படுத்தார். உள்ளே போனால் வண்டி அசையும் என்று போகவில்லை.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், அவர் ஒரு பலகையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றில் கடைசித் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு படாரென்று திறந்தது. "ஏனுங்க, நேரம் என்னாச்சு? எழுப்ப மாட்டீங்களா? இப்படியா ஒரு பொம்பளைய நட்டநடுப் பகல் வரைக்கும் தூங்க விடுவாங்க, ஊர்க்காரங்க என்ன நெனப்பாங்க? அதென்ன, தயிர்ச்சோறு பூராத்தையும் நீங்களே தின்னுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாவாயி மூன்று படியும் இறங்கி, அந்தச் சாய்வு நிலத்தில் ஏழெட்டு அடி நடந்துவந்து, அவர் முன்னால் நின்று மேலே மேலே திட்டினாள். அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று ராக்கியண்ணன் பார்த்தார். அவள் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றியிருந்தாள்.